ஆரஞ்சு, பட்டை போட்ட பிரட் வீட்ல ஏன் உப்ப மாட்டேங்குது?

பெரும்பாலும் பட்டைத்தூள் தான் காரணம்ங்க. பட்டைல இருக்க எண்ணெய் ஈஸ்டை அடக்கிடும், அதனால 250 கிராம் மைதாவுக்கு கால் டீஸ்பூனுக்கு மேல மாவுல கலக்காதீங்க, நிறைய வேணும்னா சக்கரையோட கலந்து உள்ள தூவி சுருட்டிடுங்க, ஏலக்காய்னா இந்த தொல்லையே இல்ல.

ஆரஞ்சு வாசனை ஜூஸ விட தோல்ல தான் ஜாஸ்தி. கமலா தோல் துருவ வராது, கெட்டித் தோல் பழமா வாங்கி மேல் தோலை மட்டும் துருவுங்க, வெள்ளை கசக்கும். துருவுன தோலை சக்கரையோட விரலால கசக்குனா சக்கரை ஈரமாகி மஞ்சளா மாறும், அப்ப வீடே மணக்கும், அந்த வாசனைக்காகவே செய்யலாம்!

நம்ம ராயபுரம், தண்டையார்பேட்டை வெயில்ல மாவு சீக்கிரம் பொங்கிடும், கடிகாரத்த பாக்காம மாவு டபுள் ஆச்சான்னு பாருங்க. அப்புறம் ஓவன்ல 180 டிகிரி, 25-30 நிமிஷம்.