வீட்டு ஜெபக்கூட்டத்தில் பத்து நிமிடச் சிந்தனை சொல்ல எப்படி ஆயத்தம் செய்வது?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் எங்கள் சபையின் வீட்டு ஜெபக்கூட்டத்தில், வருகிற வெள்ளி பின்னேரம் பத்து நிமிடம் சிந்தனை சொல்லும்படி குருவானவர் கேட்டிருக்கிறார். முன்பின் செய்ததில்லை. பெரியவர்களும் பிள்ளைகளும் கலந்திருப்பார்கள். சமையலறைப் பொருள் ஏதாவது கொண்டுபோய் விளக்கலாமா?

பதில்: தாராளமாகக் கொண்டுபோகலாம். ஆனால் அந்தப் பொருளை முதலில் உங்கள் வீட்டுக் குசினியில் வைத்துச் செய்து பாருங்கள். வசனம் சொல்வதை அந்தப் பொருளும் செய்கிறதா என்று பார்க்காமல் போவதால்தான் அநேகமான சிந்தனைகள் ஆறாவது நிமிடத்தில் நொண்டத் தொடங்குகின்றன.

உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மத்தேயு 5:13. "உப்பு கறிக்குச் சுவை தருகிறது, நாமும் சுவை தர வேண்டும்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். வசனத்தின் பாரம் அதன் பின்பாதியில் இருக்கிறது: உப்பு சாரமற்றுப் போனால்? உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கிற பிள்ளை ஒன்று நிச்சயம் கேட்கும், சோடியம் குளோரைட்டு எப்படிச் சாரமற்றுப் போகும் என்று. நியாயமான கேள்வி. சுத்தமான உப்பு அப்படிப் போகாது. அந்தக் காலத்தில் சாக்கடல் பக்கத்திலிருந்து எடுத்த உப்பில் ஜிப்சம் போன்ற வேறு கனிமங்களும் கலந்திருந்தன. ஈரம் பட்டால் உப்பு முதலில் கரைந்து போய்விடும். மிச்சம் வெள்ளையாக அப்படியே கிடக்கும், வாயில் வைத்தால் ஒன்றும் இராது. வேத விளக்கவுரைகள் பலவும் தருகிற விளக்கம் இதுதான். ஆனையிறவு உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். கடல்நீர் பாத்தியில் வற்றும்போது ஜிப்சம் முதலில் படியும், பிறகுதான் உப்பு விளையும், கடைசியில் மிஞ்சுகிற கைப்புத் தண்ணீரை வெளியே விட்டுவிடுவார்கள். பிரிக்காவிட்டால் எல்லாம் ஒரே வெள்ளைக் குவியல்.

இதைக் கூட்டத்தில் காட்டலாம். இரண்டு மேசைக்கரண்டி தூள் உப்பும் இரண்டு மேசைக்கரண்டி வறுத்த அரிசி மாவும் கலந்து, பாதியை ஒரு சின்னத் தட்டில் எடுத்து வையுங்கள். மீதியைப் பழைய வேட்டித் துண்டை நாலாக மடித்து அதில் போட்டு, ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றிக் கரண்டியால் கிளறி வடியவிடுங்கள். இப்படி நாலு முறை. பிறகு பிழிந்து, ஒரு பகல் முழுக்க வெயிலில் காயவைத்து, கையால் உதிர்த்து இரண்டாவது தட்டில் போடுங்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். கூட்டத்தில் ஒரு பெரியவரையும் ஒரு பிள்ளையையும் கூப்பிட்டு இரண்டிலும் விரல் தொட்டு நாக்கில் வைக்கச் சொல்லுங்கள். அவர்கள் முகமே மீதியைச் சொல்லிவிடும்.

இதில் மூன்று பிழை வரும். ஒரு தம்ளரோடு நிறுத்தினால் உப்பு போகாது. துணி மெல்லியதாக இருந்தால் மாவே ஓடிவிடும். மூன்றாவது நம்மூருக்கே உரியது: தீவுப்பகுதியிலும் கடலோரத்திலும் பல கிணறுகள் உவர். அந்தத் தண்ணீரில் அலசினால் மா காய்ந்த பிறகும் கரிக்கும், உங்கள் சிந்தனையும் கவிழ்ந்துவிடும். குடிக்கிற நல்ல தண்ணீரையே பாவியுங்கள். அலசுகிற வேலையை வீட்டிலேயே முடித்துவிட்டுப் போங்கள். கூட்டத்தில் பிழிந்துகொண்டிருந்தால் நாலு நிமிடம் அதிலேயே போய்விடும்.

இரண்டு தட்டையும் காட்டிய பிறகு ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள். வெள்ளைச் சேலை, வெள்ளை வேட்டி, கையில் வேதாகமம், வழமையான வாங்கு எல்லாம் அப்படியே இருக்க, உள்ளே இருந்தது எப்போது கரைந்தது என்று நமக்கே தெரியாமல் போகலாம். அதோடு விட்டுவிடுங்கள். உப்பு பழுதாகாமல் காக்கும், காயத்தை ஆற்றும், தாகத்தை உண்டாக்கும் என்று ஏழு குணங்களை அடுக்கினால் வீட்டுக்குப் போகும்போது ஒருவருக்கும் ஒன்றும் ஞாபகம் இராது.

உப்பு வேண்டாம் என்றால் புளித்த மா, மத்தேயு 13:33: ஒரு பெண் மாவுக்குள் அடக்கிவைத்த புளித்த மாவுக்குப் பரலோக ராஜ்யத்தை இயேசு ஒப்பிடுகிற உவமை. இங்கே முதலில் கவனிக்க வேண்டியது அளவு. நம்மில் பலர் கையிலிருக்கும் பழைய மொழிபெயர்ப்பு "மூன்றுபடி மா" என்கிறது. கேட்பவர்கள் ஒரு குடும்பத்தின் காலைச் சாப்பாட்டை நினைப்பார்கள். மூலத்தில் உள்ள அளவு ஏறக்குறைய 36 லீற்றர். மாவாக நிறுத்தால் இருபது கிலோவுக்குக் குறையாது. நூறு பேர் கூடுகிற கலியாண வீட்டுக்கான மா! 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் "மூன்று மரக்கால்" என்று இருப்பதால் பருமன் கொஞ்சம் தெரியும். ஆதியாகமம் 18இல் மூன்று விருந்தாளிகளுக்காக சாராள் பிசைந்ததும் இதே அளவுதான். இயேசுவின் கதையைக் கேட்டவர்களுக்கு அந்த ஞாபகம் வந்திருக்கலாம். (மொழிபெயர்ப்பு என்றதும் ஒரு சங்கதி: 1850இல் வெளிவந்த தமிழ் வேதாகமத்துக்கு யாழ்ப்பாணத்தில் மிஷனரி பீற்றர் பேர்சிவலோடு இருந்து உழைத்தவர் ஆறுமுக நாவலர். நாம் இன்று வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு அதற்குப் பிறகு வந்தது.)

செய்து காட்டுவதானால் கால் கிலோ கோதுமை மா, ஒரு தேக்கரண்டி ஈஸ்ட், ஒரு தேக்கரண்டி சீனி, கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர். கூட்டம் தொடங்குவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னால் பிசைந்து கண்ணாடிப் போத்தலில் போட்டு, மாவின் மட்டத்தில் இறப்பர் வளையம் ஒன்றைப் போட்டுவிட்டால் எவ்வளவு எழும்பியது என்று பிள்ளைகளே சொல்வார்கள். பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் அவித்து வைத்திருக்கிற மாவை மறந்தும் எடுக்காதீர்கள். அவித்த கோதுமை மாவில் இழுவை செத்துவிடும்; ஈஸ்ட் விடுகிற காற்றைப் பிடித்துவைக்க அதில் ஒன்றும் இல்லை. கொதித்த தண்ணீர் ஊற்றினால் ஈஸ்டே செத்துவிடும். அப்பத்துக்குக் காய்ச்சிய கப்பியை ஆறவிடாமல் கலந்து மா புளிக்காமல் போன கதை நம்மூர் அம்மாமாருக்குத் தெரியும். அதைச் சொன்னால் அந்த இடத்தில் சிரிப்பு வரும், வரட்டும். மார்கழிக் குளிரில் ஒரு மணித்தியாலம் போதாது, ஒன்றரை வையுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. வேதாகமத்தில் புளித்த மா பெரும்பாலும் கெட்ட அடையாளம்: பஸ்காவுக்கு வீட்டிலிருந்து அகற்றியது, பரிசேயரின் புளித்த மா, 1 கொரிந்தியர் 5. ஆகவே "புளித்த மா என்றாலே பரலோக ராஜ்யம்" என்று சொல்லிவிடாதீர்கள். இந்த உவமையில் அது நல்லதாக வருவதே கேட்டவர்களைத் திடுக்கிட வைத்திருக்கும்.

பொருள் ஒன்றும் வேண்டாம், ஒரு ஆறுதல் வசனம் போதும் என்று எரேமியா 29:11க்குப் போகிறவர்கள் அதிகம் (கர்த்தர் உங்கள்மேல் வைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்கிற வசனம்). வீசாவுக்குக் காத்திருக்கிற பிள்ளை உள்ள வீட்டில் அதைச் சொல்லி "இந்த வருஷம் கிடைக்கும்" என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. முந்திய வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. ஐந்தாம் வசனத்தில், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களிடம், போன இடத்தில் வீடு கட்டித் தோட்டம் போடுங்கள் என்று இருக்கிறது. இடம்பெயர்ந்து வாழ்ந்த சனங்களுக்கு முழு அதிகாரத்தையும் வாசித்துக் காட்டினாலே போதும், விளக்கம் தேவைப்படாது.

நேரம்: எழுதியதைக் கைபேசியில் நேரம் வைத்துச் சத்தமாக வாசியுங்கள். வாசிக்க ஏழு நிமிடம் என்றால் பேசும்போது பத்தாகும். வேத வாசிப்பை வேறொருவரிடம் முதல்நாளே கொடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் "ஆராவது வாசியுங்கோ" என்றால் கண்ணாடி தேடவே இரண்டு நிமிடம் போகும். வீட்டுக்காரரின் கடன், வருத்தம், பிள்ளையின் சோதனை முடிவு ஒன்றையும் உதாரணமாக எடுக்க வேண்டாம், அவர்களே சொன்னதாக இருந்தாலும்.

முடிவு ஜெபத்தில் சிந்தனையைத் திரும்பப் பிரசங்கிக்காதீர்கள், மூன்று நாலு வாக்கியம் போதும். அதன் பிறகு கர்த்தருடைய ஜெபம். கத்தோலிக்க உறவினர் வந்திருந்தால் இங்கேதான் தடுமாறும். நீங்கள் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்க, அவர்கள் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்பார்கள். நீங்கள் "ராஜ்யமும் வல்லமையும்" என்று தொடரும்போது அவர்கள் ஆமென் சொல்லி முடித்திருப்பார்கள். எந்த வடிவத்தைச் சொல்லப்போகிறோம் என்று முதலே ஒரு வரியில் அறிவித்துவிடுங்கள், அல்லது அவரவர் மனதுக்குள் சொல்லும்படி கேளுங்கள்.