ஜப்பானின் பழமையான ஊரில் பழைய வீடு வாங்கலாமா?

"ஜப்பான் கிராமங்களில் பழைய வீடுகள் கார் விலைக்குக் கிடைக்கிறதாமே, பாரம்பரிய ஊர் ஒன்றில் வெளிநாட்டவர் வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம். சட்டத்தில் தடையில்லை. ஆனால் வீடு வாங்கியதற்காக விசா தரமாட்டார்கள்.

நானும் மனைவியும் நகோயாவில் இருந்துகொண்டு கிசோ பள்ளத்தாக்கில் வீடு தேடினோம். நகசெண்டோ என்ற பழைய நெடுஞ்சாலையின் சத்திர ஊர்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. அதில் ட்சுமாகோவை மறந்துவிடுங்கள். 'விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை' என்று 1971லேயே ஊரார் கூடி முடிவெடுத்துவிட்டார்கள். அந்தத் தெரு இன்றும் அப்படியே இருப்பதற்கு அவர்கள்தான் காரணம். எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை உண்டு.

நராயி போன்ற ஊர்களில் வீடு விற்பனைக்கு வருவதுண்டு. 1978லிருந்து நராயியின் பழைய தெரு அரசின் பாதுகாப்புப் பகுதி. முகப்பு, கூரை, மரச்சட்ட ஜன்னல் எதை மாற்றவும் நகராட்சி அனுமதி வேண்டும். உள்ளே சமையலறை, குளியலறையை உங்கள் வசதிக்குக் கட்டிக்கொள்ளலாம். வெளிப்புறப் பழுதுக்கு மானியமும் உண்டு. அதனால் விலை கேட்கும் முன், வீடு அந்தப் பாதுகாப்புப் பகுதியின் எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்று கேளுங்கள்.

பெரிய சிக்கல் பத்திரத்தில்தான். வாரிசுகள் தங்கள் பெயருக்குப் பதிவை மாற்றியே ஆகவேண்டும் என்ற சட்டம் 2024 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை கட்டாயமில்லை. அதனால் பல வீடுகள் இன்னமும் இறந்துபோன கொள்ளுத்தாத்தா பெயரிலேயே இருக்கின்றன. நம்மூரில் தாத்தா பெயரில் கிடக்கும் பட்டா மாதிரிதான். பேரப்பிள்ளைகள் ஒசாகா, டோக்கியோ என்று சிதறியிருப்பார்கள். ஒருவர் சம்மதிக்காவிட்டாலும் முழு வீடும் கைக்கு வராது. எங்களுக்கு மிகவும் பிடித்த வீடு இப்படித்தான் கைநழுவியது. இன்னும் வருத்தமாக இருக்கிறது. வீட்டோடு வயலும் சேர்ந்து வந்தால், அதற்கு வேளாண் குழுவின் அனுமதி தனியாக வாங்க வேண்டும்.

கட்டடத்தைப் பொறுத்தவரை 1981 ஜூன் முக்கியமான எல்லை. இன்றைய நிலநடுக்க விதிகள் வந்தது அப்போதுதான். நீங்கள் ஆசைப்படும் வீடுகள் எல்லாமே அதற்கு மிக முந்தியவை. தூண்கள் வெறும் கல்மேல் நிற்கும். கரையானுக்கும் அடித்தளத்துக்கும் பழைய மரவீடு தெரிந்த தச்சரை அழைத்துக் காட்டுங்கள். இவ்வளவு பழைய வீட்டுக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம், கையில் பணம் வேண்டும். பழுதுச் செலவு வாங்கிய விலையைத் தாண்டும் என்று வைத்தே கணக்குப் போடுங்கள்.

வீட்டைக் குளிர்காலத்தில் ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். அப்படியே பக்கத்து வீட்டாரிடமும் பேசுங்கள். வாய்க்கால் சுத்தம், பனி அகற்றுவது, திருவிழா எல்லாவற்றுக்கும் வீட்டுக்கு ஒருவர் வரவேண்டும் என்பார்கள். விடுமுறைக்கு மட்டும் வரப்போகிறீர்கள் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பதிவு அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டினால் எந்த வீட்டின் உரிமை விவரத்தையும் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். முன்பணம் கொடுக்கும் முன் அதை எடுத்து, பத்திரப்பதிவு பார்க்கும் சட்ட எழுத்தர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.