எந்தப் பூனைக்கு என்ன? வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவக் குழுவின் பதில்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பூனைகள். மூத்தவளுக்கு 11 வயது, கடைக்குட்டிக்கு ஒன்றரை. சில மாதங்களாக வாரத்துக்கு இரண்டு மூன்று முறை தரையில் வாந்தி கிடக்கிறது. லிட்டர் ட்ரேயில் அடிக்கடி இளகிய மலம். யாருடையது என்றே தெரியவில்லை. மூத்தவள் நன்றாகச் சாப்பிட்டும் மெலிகிறாள். இரண்டு பூனைகளுக்கு ரத்தப் பரிசோதனையும் ஒரு மலப் பரிசோதனையும் செய்தோம். எல்லாம் நார்மல். காரணம் தெரியாத நோய் என்று விட்டுவிட வேண்டியதுதானா? (வாசகி, தாம்பரம்)

விடவேண்டாம். முதலில் நோயாளி யார் என்று கண்டுபிடியுங்கள். வாந்தி எடுக்கும் பூனை நீங்கள் சோதித்த இரண்டில் இல்லையென்றால் ரிப்போர்ட் நார்மலாகத்தான் வரும். வாந்தி ஒன்றுக்கு, பேதி இன்னொன்றுக்கு, மெலிவு மூன்றாவதற்கு என்று மூன்று தனித்தனிப் பிரச்சினைகளும் ஒரே நேரத்தில் ஓடலாம். அவற்றை ஒரே நோயாக நினைத்துத் தேடினால் எந்த டாக்டருக்கும் பிடிபடாது.

எடையிலிருந்து தொடங்குங்கள். கைக்குழந்தையை நிறுக்கும் டிஜிட்டல் தராசு போதும். நீங்கள் பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறி நிற்கும் பெரிய தராசில் 100, 200 கிராம் வித்தியாசம் தெரியாது. நமக்கு வேண்டியதோ அந்த வித்தியாசம்தான். தராசில் ஒரு பிளாஸ்டிக் கூடையை வைத்து அளவைப் பூஜ்யமாக்கி, பூனையை உள்ளே உட்காரவையுங்கள். வாரம் ஒரு நாள், அதே கிழமை, காலைச் சாப்பாட்டுக்கு முன். 4 கிலோ பூனை 200 கிராம் குறைந்தால் உடம்பில் 5 சதவீதம் போய்விட்டது என்று பொருள். டாக்டரிடம் சொல்ல வேண்டிய நேரம். 400 கிராம் குறைந்தால் தாமதிக்கவே கூடாது. ரோமம் அடர்ந்த பூனையின் மெலிவு கண்ணுக்குத் தெரியும்போது பல வாரங்கள் கடந்திருக்கும்.

மலம் யாருடையது என்பதற்கு எளிய வழி உண்டு. நச்சற்றது என்று அட்டையில் அச்சிட்ட மெழுகு கிரேயானைத் துருவி, கால் டீஸ்பூன் அளவு ஈர உணவில் கலந்து, சந்தேகமுள்ள பூனைக்கு மட்டும் தனி அறையில் கொடுங்கள். ஓரிரு நாளில் அந்த நிறத் துணுக்குகள் மலத்தில் தெரியும். ஒருத்திக்குச் சிவப்பு, இன்னொருத்திக்குப் பச்சை என்று ஒரே நேரத்தில் இரண்டு பேரைச் சோதிக்கலாம். வாந்திக்கு இந்த வழி அவ்வளவு கைகொடுக்காது. ஒவ்வொரு பூனையாக இரண்டு மூன்று நாள் தனி அறையில், தனி ட்ரே, தனித் தண்ணீருடன் வைத்துப் பார்ப்பதே உறுதியானது. வாந்தியைத் துடைப்பதற்கு முன் போட்டோ எடுத்துவிடுங்கள். சாப்பிட்ட சில நிமிடங்களில், மெல்லாத உணவு குழாய் வடிவில் வெளியே வந்தால், அந்தப் பூனை பக்கத்துத் தட்டுக்காரிக்குப் பயந்து அவசரமாக விழுங்குகிறது என்றிருக்கலாம். தட்டுகளைத் தனித்தனி அறைக்கு மாற்றினாலே பல வீடுகளில் நின்றுவிடும். மஞ்சள் நுரை, செரித்த உணவு, ரத்தக் கோடு என்றால் கதை வேறு. பூனை என்றால் வாந்தி எடுக்கத்தான் செய்யும் என்று பலர் சொல்வார்கள். அதை ஏற்காதீர்கள். வாராவாரம் வாந்தி எடுப்பது எந்தப் பூனைக்கும் இயல்பு இல்லை.

மலப் பரிசோதனை ஒருமுறை நார்மல் என்பதாலும் தேடலை நிறுத்த வேண்டாம். ஜியார்டியா கிருமி தினமும் மலத்தில் வெளியேறாது. மூன்று நாள் மாதிரிகள் சேர்த்துப் பார்த்தால்தான் சிக்கும். டிரைடிரைக்கோமோனாஸ் என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி பல பூனை வீடுகளில், குறிப்பாக இளசுகளில், நாற்றமடிக்கும் இளகிய மலத்தை மாதக்கணக்கில் உண்டாக்கும். சாதாரண மலப் பரிசோதனையில் அது தப்பிவிடும், பிசிஆர் வேண்டும். வழக்கமாக எழுதித் தரும் மெட்ரோனிடசோலும் அதை ஒழிக்காது. உங்கள் கடைக்குட்டிக்கு இதைப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளூரில் வசதி இல்லையென்றால் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரிக்கலாம்.

மூத்தவள் விஷயம் தனி. 10 வயதைத் தாண்டிய பூனை நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்தால் தைராய்டு மிகை சுரப்பும் சர்க்கரை நோயும்தான் முதல் சந்தேகம். அவளுடைய ரத்தப் பரிசோதனையில் டி4 (தைராய்டு ஹார்மோன் அளவு) சேர்த்திருந்தார்களா என்று ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். அடிப்படைத் தொகுப்பில் அது பெரும்பாலும் இருக்காது. கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு) நார்மல் என்பதால் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்றும் முடிவுகட்ட முடியாது. செயல்திறனில் முக்கால் பங்கு போன பிறகே அந்த அளவு ஏறும். சிறுநீரின் அடர்த்தி அதற்கு முன்பே குறையத் தொடங்கிவிடும். ஆகவே சிறுநீரும் கொடுங்கள். கழுவிக் காயவைத்த காலி ட்ரேயில் மீன்தொட்டிக் கூழாங்கல் போட்டு அவளைத் தனி அறையில் விட்டால், தேங்கும் சிறுநீரை ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சிவிடலாம். ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும், முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

இவையெல்லாம் பார்த்தும் காரணம் கிடைக்கவில்லையென்றால் அடுத்தது உணவுச் சோதனை. இதுவரை சாப்பிடாத ஒரே ஒரு புரதம், இரண்டு முதல் நான்கு வாரம், வேறு எதுவும் கூடாது. பல பூனை வீடுகளில் இந்தச் சோதனை தோற்பதற்கு ஒரே காரணம் பக்கத்துத் தட்டு. ஒரு வாய் பழைய உணவு உள்ளே போனாலும் முடிவை நம்ப முடியாது. எனவே ஐந்து பேரையும் அதே உணவுக்கு மாற்றுங்கள், அல்லது கதவைச் சாத்தி 20 நிமிடம் சாப்பாடு வைத்து மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: தினமும் பினாயில் போட்டுத் துடைக்கிறோம். ஆனாலும் பூனைகளுக்கு ஜொள்ளு வடிகிறது, நாக்கில் புண் வருகிறது. என்ன தொற்று? (வாசகர், மதுரை)

அந்தப் பினாயிலே காரணமாக இருக்கக்கூடும். உடனே நிறுத்துங்கள். பினாயில் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கும்போது அது நேராக வாய்க்குப் போகிறது. தண்ணீரில் விட்டதும் பால்போல் வெளுக்கும் கருப்புப் பினாயில் மோசம். பைன் எண்ணெய் கலந்த வெள்ளையும் பாதுகாப்பானதல்ல. அலமாரியில் போடும் அந்துருண்டை, நீலகிரித் தைலம், நாய்க்கான பெர்மெத்ரின் உண்ணி மருந்து, பாராசிட்டமால் எல்லாமே இந்தப் பட்டியலில் சேரும். காய்ச்சலுக்குக் கொடுத்த ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

தரைக்குச் சோப்புத் தண்ணீர் போதும். லிட்டர் ட்ரேயை முதலில் நன்றாகக் கழுவிவிட்டு, 1 லிட்டர் தண்ணீரில் 30 மில்லி பிளீச் திரவம் கலந்து 10 நிமிடம் ஊறவைத்து, அலசிக் காயவையுங்கள். சிறுநீர் இருக்கும்போதே பிளீச்சை ஊற்றினால் மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும். பினாயிலோடும் ஆசிடோடும் அதைக் கலக்கவே கூடாது. கலிசி வைரஸும் நாக்குப் புண்ணை உண்டாக்கும் என்பதால், பினாயிலை நிறுத்திய பிறகும் ஆறவில்லை என்றாலோ, பூனை சாப்பிட மறுத்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள்.

கேள்வி: எங்கள் எட்டு மாதக் குட்டி எஃப்ஐபி (பூனைகளின் தொற்று வயிற்றுறை அழற்சி) நோயில் இறந்துவிட்டது. மீதி மூன்றுக்கும் வருமா? ரத்தத்தில் கொரோனா எதிர்ப்பொருள் பாசிட்டிவ் என்கிறார்கள். (வாசகி, கோவை)

உங்கள் இழப்பு பெரியது. மற்ற மூன்றைப் பற்றி ஆறுதலாகச் சொல்ல இடமிருக்கிறது. பூனைகளின் குடல் கொரோனா வைரஸ் மலம் வழியே ட்ரேக்களில் பரவும். பல பூனைகள் சேர்ந்து வாழும் வீடுகளில் அநேகமாக எல்லோருக்கும் பாசிட்டிவ்தான். அவற்றில் மிகச் சிலவற்றின் உடலுக்குள் மட்டுமே வைரஸ் மாறி எஃப்ஐபி ஆகிறது. அந்த மாறிய வடிவம் வழக்கமாகப் பூனைக்குப் பூனை தொற்றாது (2023இல் சைப்ரஸ் தீவில் நேரடியாகப் பரவிய புதிய வகை இதற்கு விலக்கு). எதிர்ப்பொருள் பாசிட்டிவ் என்பதை வைத்து எஃப்ஐபி என்று யாரும் முடிவு செய்யக் கூடாது.

கவனிக்க வேண்டியவை: ஆன்டிபயாடிக் கொடுத்தும் ஏறி இறங்கும் காய்ச்சல், இளம்பூனையின் எடை தேங்குதல், வயிறு பெருத்தல், கண்ணில் நிறமாற்றம். முன்பு இது மரண தண்டனைதான். கலிபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்தில் நீல்ஸ் பீடர்சன் குழு 2019இல் ஜிஎஸ்-441524 மருந்தின் முடிவுகளை வெளியிட்ட பிறகு நிலைமை மாறியது. வழக்கமான சிகிச்சை 84 நாள், பூனையின் எடை கூடக் கூட மருந்தின் அளவும் கூட வேண்டும். எனவே அறிகுறி தெரிந்த அன்றே கேளுங்கள். புதுக் குட்டி எடுப்பதை இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள். அதுவரை ட்ரேயில் மலத்தை நாளுக்கு இருமுறை அள்ளுங்கள். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு ட்ரே கூடுதலாக, தள்ளித் தள்ளி வையுங்கள். நான்கையும் ஒரே மூலையில் வைத்தால் பூனைக்கு அது ஒரே ட்ரேதான்.

கேள்வி: தெருவிலிருந்து ஒரு குட்டியைக் கொண்டுவந்த ஒரு வாரத்தில் எல்லோருக்கும் தும்மல். இனி எப்படிச் சேர்ப்பது? (வாசகர், தஞ்சாவூர்)

குறைந்தது இரண்டு வாரம் தனி அறை. அதன் தட்டைக் கடைசியில் கழுவுங்கள், அந்தக் குட்டியையும் கடைசியில் தொடுங்கள். எஃப்இஎல்வி (பூனை ரத்தப் புற்றுநோய் வைரஸ்), எஃப்ஐவி (பூனையின் எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் வைரஸ்) பரிசோதனையை முதல் நாளிலும், எஃப்இஎல்வியை 30 நாள் கழித்தும், எஃப்ஐவியை 60 நாள் கழித்தும் செய்ய வேண்டும். தொற்றிய புதிதில் நெகட்டிவ் காட்டும். குடற்புழு மருந்தை வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுங்கள். தெள்ளுப்பூச்சியையும் சேர்த்து ஒழிக்காவிட்டால், அரிசிமணி போன்ற நாடாப்புழுத் துண்டுகள் மறுபடி வரும். தும்மலுக்கு டாக்டர் டாக்ஸிசைக்ளின் எழுதினால் மாத்திரைக்குப் பின் 5 மில்லி தண்ணீரைச் சிரிஞ்சில் கொடுங்கள். தொண்டைக்குழாயில் தங்கினால் அரித்துச் சுருக்கிவிடும்.

கேள்வி: ஆண் பூனை ட்ரேயில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிறது, எதுவும் வரவில்லை. மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுக்கலாமா? (வாசகர், வேலூர்)

கூடாது. சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். ஓரிரு நாளில் உயிர் போகும். அடிவயிற்றை அழுத்திப் பார்க்காதீர்கள், இரவானாலும் கிளம்புங்கள். கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது என்று டாக்டர் முதலில் கேட்பார். பல பூனைகள் ஒரே ட்ரேயைப் பகிர்ந்தால் அதற்கு உங்களால் பதில் சொல்ல முடியாது. ஆகவே சந்தேகம் வந்த நிமிடமே அவனைப் புது ட்ரேயுடன் தனி அறையில் விட்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டு, மருத்துவமனைக்குப் போன் போடுங்கள்.