எஃப்.ஐ.ஆர் எண் முதல் தேசியப் புள்ளிவிவரம் வரை: ஒரு முன்னாள் ஸ்டேஷன் ரைட்டரிடம் சில கேள்விகள்

பதினோரு வருடம் போலீஸ் ஸ்டேஷனில் பதிவேடுகள் எழுதும் ரைட்டர், அப்புறம் ஓய்வு பெறும்வரை மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகம். என் வேலைக்காலம் அவ்வளவுதான். ஆளைத் துரத்திப் பிடித்த கதை என்னிடம் கிடையாது, எண்ணை எழுதிய கதைதான் உண்டு. "தமிழ்நாட்டில் குற்றம் கூடியதா, குறைந்ததா" என்று ஆண்டுதோறும் சண்டை போடுகிறோமே, அந்த எண் எங்கே பிறக்கிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி: சார், ஸ்டேஷனில் புகார் கொடுத்தாலே அது கணக்கில் ஏறிவிடுமா?

ஏறாது. எல்லாக் குழப்பமும் ஆரம்பிப்பது இந்த இடத்தில்தான்.

புகாரோடு போனால் முதலில் கையில் கிடைப்பது பெரும்பாலும் சி.எஸ்.ஆர் ரசீது. கம்யூனிட்டி சர்வீஸ் ரெஜிஸ்டர் என்ற பதிவேட்டில் உங்கள் மனுவுக்கு ஓர் எண் போட்டுத் தருவார்கள். அது மனு வந்ததற்கான சாட்சி மட்டுமே. இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி, சமாதானமாகிப் போனால் அதோடு முடிந்தது. எஃப்.ஐ.ஆர் போட்டால்தான் 'குற்ற எண்' பிறக்கும். மாவட்டம், மாநிலம், டெல்லி என்று பயணம் போவது குற்ற எண்தான், சி.எஸ்.ஆர் எண் அல்ல.

பிடியாணை இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர் போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2013-இல் சொல்லிவிட்டது. சில வகை வழக்குகளில் மட்டும் முதற்கட்ட விசாரணைக்கு இடம் விட்டது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ் என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இந்த இடத்தைக் கொஞ்சம் அகலமாக்கியிருக்கிறது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றம் என்றால், டி.எஸ்.பி அனுமதி வாங்கி 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்யலாம். அந்த 14 நாளில் எத்தனை மனு 'பேசி முடிந்தது' ஆகும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் ஸ்டேஷனில் டிசம்பர் கடைசியில் குற்ற எண் 800-ஐத் தாண்டிவிட்டது. அப்படியானால் 800 குற்றமா? பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள் அம்மா. ஜனவரி 1 அன்று குற்ற எண் 1-இல் தொடங்கும். அந்த வரிசையில் எல்லாம் கலந்துதான் வரும். 'பெண் காணவில்லை', 'ஆள் காணவில்லை', தூக்கில் தொங்கிய சந்தேக மரணம், சாலை விபத்து, மது பாட்டில், சூதாட்டம் என எல்லாவற்றுக்கும் அதே வரிசை எண்தான். சந்தேக மரணத்துக்கான பிரிவு முன்பு 174, இப்போது பி.என்.எஸ்.எஸ் 194. அது டெல்லியில் போடும் ஆண்டுக் குற்றப் புத்தகத்துக்குப் போகாது. விபத்து மரணம், தற்கொலைக்கென்று வேறொரு ஆண்டுப் புத்தகம் இருக்கிறது, அதற்குப் போகும். 800-இலிருந்து இவற்றையெல்லாம் கழித்தால், நீங்கள் மனதில் நினைக்கும் திருட்டு, வழிப்பறி, அடிதடி எவ்வளவு மிஞ்சும் என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

கேள்வி: மாதாமாதம் ஸ்டேஷனிலிருந்து என்ன அனுப்புவீர்கள்? அந்த வேலை எப்படி நடக்கும்?

என் காலத்தின் முதல் பாதியைச் சொல்கிறேன். மாதம் பிறந்ததும் ரைட்டர் மேசையில் பேப்பர் மலை. எஃப்.ஐ.ஆர் புத்தகம் ஒரு பக்கம், பொது நாட்குறிப்பு ஒரு பக்கம், நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட பெரிய தாள். இடப்பக்கம் தலைப்புகள்: ஆதாயக் கொலை (பணம், நகைக்காகச் செய்வது), கூட்டுக்கொள்ளை, கொள்ளை, கன்னக்களவு (வீடு புகுந்து திருடுவது), திருட்டு. அப்புறம் கொலை, கொலை முயற்சி, கலவரம், காயம். வலப்பக்கம் போன வருடம் இதே மாதம், இந்த வருடம் இந்த மாதம், கண்டுபிடித்தது, மீட்ட சொத்தின் மதிப்பு. தாள் டி.எஸ்.பி அலுவலகம் வழியாக மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்துக்குப் போகும். அங்கே எல்லா ஸ்டேஷனையும் கூட்டி, சென்னையில் உள்ள மாநிலக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புவோம். அங்கிருந்து டெல்லியில் உள்ள என்.சி.ஆர்.பி, அதாவது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். 1986-இல் தொடங்கிய அலுவலகம் அது. ஆனால் 'இந்தியாவில் குற்றங்கள்' என்ற ஆண்டுப் புத்தகம் அதற்கும் பழையது, 1953-ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து வருகிறது.

ஸ்டேஷன்களைக் கணினியில் இணைக்கும் சி.சி.டி.என்.எஸ் வந்த பிறகு எஃப்.ஐ.ஆரே கணினியில்தான். கூட்டல் பிழை போனது. ஆனால் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்பதை இன்னமும் மனிதன்தான் தீர்மானிக்கிறான். கணினி அதைக் கூட்டித் தரும், சரியா என்று கேட்காது.

கேள்வி: ஒரே சம்பவத்தில் வீடு புகுந்து, அடித்து, நகையையும் எடுத்து, ஆளையும் கொன்றால் அது நான்கு குற்றமாகக் கணக்காகுமா?

ஒன்றுதான். ஒரு எஃப்.ஐ.ஆரில் எத்தனை பிரிவு இருந்தாலும், அதில் அதிகத் தண்டனை உள்ள பிரிவு எதுவோ அதன் கீழ் மட்டும் எண்ணுவார்கள். முதன்மைக் குற்ற விதி என்று பெயர். நீங்கள் சொன்ன சம்பவம் கொலைக் கணக்கில் சேரும், கன்னக்களவுப் பட்டியலில் அந்த வீடு இருக்காது. ஒரே வழக்கில் மூன்று பேர் கொலையானால் வழக்கு 1, பாதிக்கப்பட்டோர் 3. புத்தகத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி உண்டு. பத்திரிகைகள் சில சமயம் முதலாவதை எடுத்து, இரண்டாவதைப் போல எழுதிவிடுகின்றன.

இந்த விதியால் நெடுங்காலம் பாலியல் வன்கொடுமை செய்து கொன்ற வழக்குகள் கொலைக்குள் மறைந்து கிடந்தன. பிற்பாடுதான் அதற்குத் தனி வரிசை போட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. வெட்டுப்பட்டவர் பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரியில் இறந்தால், கொலை முயற்சியைக் கொலையாக மாற்றி நீதிமன்றத்துக்கு ஆல்டரேஷன் ரிப்போர்ட் போகும். அந்த மாதத் தாள் ஏற்கெனவே போயிருக்கும். திருத்தம் அனுப்ப மறந்தால் செத்தவர் புள்ளிவிவரத்தில் உயிரோடு இருப்பார். காப்பகத்தில் என் வேலையில் பாதி, இப்படிப்பட்டவர்களைத் தேடுவதுதான்.

கேள்வி: நேரடியாகவே கேட்கிறேன் அண்ணா. எண்ணை நீங்கள் குறைத்துக் காட்டியதுண்டா?

எழுதிய எண்ணை மாற்றியதில்லை. எழுத வேண்டியதை எழுதாமல் விட்டதுண்டு.

மாதாந்திரக் குற்ற ஆய்வுக் கூட்டத்தில் இன்ஸ்பெக்டரை எழுப்பி நிறுத்தி, "போன வருடம் இதே மாதம் நாலு, இப்போது ஒன்பது, என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டால், திரும்பி வந்ததும் அவர் என்னிடம் என்ன சொல்வார்? "ரைட்டர், எல்லாத்துக்கும் எஃப்.ஐ.ஆர் போட்டுத் தள்ளாதே." அவ்வளவுதான் உத்தரவு. எதுவும் எழுத்தில் இருக்காது.

ஒரு டிசம்பர் 29. வயதான அம்மா ஒருவர், பஸ் நெரிசலில் இரண்டரைப் பவுன் சங்கிலி போய்விட்டதென்று வந்தார். கழுத்தில் சிவப்பாகக் கீறல். கீறல் இருந்தால் பறித்ததென்று பொருள், கொள்ளைப் பிரிவு வரும். "எங்கேயாவது விழுந்திருக்கும்மா, தேடிப் பாருங்க" என்று மனு வாங்கி ரசீது கொடுத்தோம். ஜனவரி 4 அன்று மறுபடி வந்தார். அப்போதுதான் எஃப்.ஐ.ஆர், அதுவும் வெறும் திருட்டாக. பழைய வருடத்துக் கொள்ளை ஒன்று குறைந்தது, புது வருடத்துத் திருட்டு ஒன்று கூடியது. அந்தக் கையெழுத்து என்னுடையது.

செல்போனுக்கும் இதே கதைதான். 'திருடு போனது' என்று எழுதிக்கொண்டு வருவார்கள், 'காணாமல் போனது' என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போவார்கள்.

கேள்வி: அப்படியானால் எந்த எண்ணைத்தான் நம்புவது?

கொலை எண்ணை நம்பலாம். பிணத்தை யாரும் சி.எஸ்.ஆரில் போட முடியாது. வாகனத் திருட்டையும் ஓரளவு நம்பலாம், இன்ஷூரன்ஸுக்கு எஃப்.ஐ.ஆர் வேண்டும் என்பதால் உடைமையாளர் விடமாட்டார். மது வழக்கு, சூதாட்ட வழக்கு எல்லாம் போலீஸ் எத்தனை முறை ரெய்டு போனது என்பதன் கணக்கு. ரெய்டு கூடினால் 'குற்றம்' கூடும்.

வீட்டுக்குள் நடக்கும் வன்முறையின் எண்ணை நான் நம்பமாட்டேன். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்களே 14 சதவீதம்தான். அதிலும் பெரும்பாலோர் போனது சொந்தக்காரர்களிடம். ஸ்டேஷன் வாசல் வரை வந்தவர்கள் மிகச் சொற்பம்.

கேள்வி: 2020-இல் தமிழ்நாட்டில் குற்றம் ஐந்து மடங்கு கூடியது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. உண்மையா?

எண் உண்மை. ஐ.பி.சி (பழைய இந்தியத் தண்டனைச் சட்டம்) வழக்குகள் 2019-இல் 1.68 லட்சம், 2020-இல் 8.91 லட்சம். செய்திதான் பொய். ஊரடங்கில் வெளியே வந்தவர்கள் மேல் 188 (அரசு அதிகாரியின் உத்தரவை மீறுவது) போன்ற பிரிவுகளில் வழக்குப் போட்டுக் குவித்த வருடம் அது. நாடு முழுவதும் 188 பிரிவு வழக்கு 29,469-இலிருந்து 6,12,179 ஆனது. அதே வருடம் பெண்களுக்கு எதிரான குற்ற வழக்குகள் 8 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாகப் புத்தகம் சொல்கிறது. வீட்டுக்குள் அடைபட்டிருந்தவள் எப்படி வந்து புகார் கொடுப்பாள்? இந்தக் குறைவை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

டெல்லியிலும் இப்படி ஒன்று நடந்தது. 2013-இல் 80 ஆயிரம் வாக்கில் இருந்த ஐ.பி.சி வழக்குகள் 2015-இல் 1.9 லட்சத்தைத் தாண்டின. இரண்டு வருடத்தில் ஊரில் திருடர்கள் இரண்டு மடங்காகவில்லை. வழக்குப் பதிவதில் தாராளம் வந்தது, வாகனத் திருட்டுக்கு இணையத்திலேயே எஃப்.ஐ.ஆர் வந்தது. குற்றம் கூடுவது வேறு, பதிவு கூடுவது வேறு என்று என்.சி.ஆர்.பி தன் புத்தகத்தின் முன்பகுதியிலேயே எழுதி வைக்கிறது. அந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள்தான் இல்லை.

கேள்வி: குற்ற விகிதம் என்பது?

ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு எத்தனை வழக்கு என்பது. பெண்களுக்கு எதிரான குற்றத்துக்கு ஒரு லட்சம் பெண்களுக்கு எத்தனை என்று பார்ப்பார்கள். கவனிக்க வேண்டியது வகுக்கும் எண்ணை. சென்னை, கோவை உட்பட 19 பெருநகரங்களுக்குத் தனி அட்டவணை உண்டு. அதில் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் வந்ததுதான். வழக்கு இன்றைக்கு உள்ளது, ஆள் கணக்கு அன்றைக்கு உள்ளது. விகிதம் உள்ளதைவிட வீங்கித்தான் தெரியும்.

கேள்வி: 80% வழக்கில் தண்டனை என்று விளம்பரம் செய்கிறார்களே?

அது விசாரணை முடிந்த வழக்குகளில் 80 சதவீதம். 100 வழக்கில் 5 மட்டும் விசாரணை முடிந்து, 4-இல் தண்டனை கிடைத்தாலும் 80 சதவீதம்தான். மீதி 95 எங்கே என்று அதே புத்தகத்தின் நிலுவைப் பத்தியில் பாருங்கள்.

கேள்வி: நான் சட்டக் கல்லூரி மாணவி. புதிய சட்டங்கள் வந்த பிறகு பழைய ஆண்டுகளோடு ஒப்பிட முடியுமா ஐயா?

நல்ல கேள்வி மா. ஜாக்கிரதையாகத்தான் ஒப்பிட வேண்டும். முன்பு சங்கிலிப் பறிப்பு என்ற பெயரில் மத்தியச் சட்டத்தில் தனிப் பிரிவு இல்லை. ஸ்டேஷனைப் பொறுத்து 379 திருட்டாகவோ 392 கொள்ளையாகவோ போகும். ஐ.பி.சி-க்குப் பதிலாக வந்த பி.என்.எஸ் சட்டத்தின் 304-இல் பறிப்பு தனிக் குற்றமாகிவிட்டது. ஆகவே 2024-க்குப் பிறகு திருட்டும் கொள்ளையும் குறைந்து, பறிப்பு திடீரென்று பிறந்தது போல அட்டவணை காட்டலாம்.

அதைவிட முக்கியம், 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல்முறையாகத் திருடியவர், பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. அந்த வகையை, போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர் போட முடியாத குற்றமாக வைத்திருக்கிறார்கள். பழைய சட்டத்தில் எல்லாத் திருட்டுக்கும் எஃப்.ஐ.ஆர் உண்டு. இனி பழைய சைக்கிள், கேஸ் அடுப்பு, சின்ன செல்போன் எல்லாம் கணக்கிலிருந்து மெல்ல நழுவும் என்று எதிர்பார்க்கிறேன்.

கேள்வி: வெளிநாட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா?

இல்லை. இங்கிலாந்தில் போலீஸ் பதிவுகளை ஆய்வு செய்தபோது, ஐந்தில் ஒரு குற்றம் பதிவாகவே இல்லை என்று 2014-இல் அவர்களின் ஆய்வு அமைப்பே சொன்னது. ஆனால் அங்கே வீடு வீடாகப் போய் "உங்களுக்கு என்ன நடந்தது" என்று கேட்கும் கணக்கெடுப்பு 1980-களிலிருந்தே இருக்கிறது. போலீஸ் எண்ணை அதோடு உரசிப் பார்க்கலாம். நம் நாட்டில் ஆண்டுதோறும் அப்படி உரசிப் பார்க்க ஒன்று இல்லை.

கேள்வி: எங்கள் பகுதி நிலவரத்தை நானே தெரிந்துகொள்ள ஏதாவது வழி உண்டா?

என்.சி.ஆர்.பி புத்தகத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். 2023-ஆம் ஆண்டுப் புத்தகம் 2025 செப்டம்பர் கடைசியில்தான் வந்தது. சட்டமன்றத்தில் காவல் துறை மானியக் கோரிக்கையின்போது வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பில் மாநில எண்கள் இருக்கும். 2016 உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி எஃப்.ஐ.ஆர்களையும் இணையத்தில் ஏற்ற வேண்டும். பாலியல் குற்றம் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு.

ஒரு ஸ்டேஷனின் கணக்கு வேண்டுமென்றால் எஸ்.பி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஆர்.டி.ஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனு போடுங்கள். எல்லோரும் "எத்தனை எஃப்.ஐ.ஆர்" என்று மட்டும் கேட்டு ஏமாறுகிறார்கள். நீங்கள் மாதவாரியாக மூன்றைக் கேளுங்கள்: எத்தனை சி.எஸ்.ஆர், அதில் எத்தனை எஃப்.ஐ.ஆர் ஆனது, எத்தனை மேல் நடவடிக்கை இல்லை என்று முடிக்கப்பட்டது. டிசம்பரையும் ஜனவரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரைட்டர் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட இடம் தெரிந்துவிடும்.