தடிப்பே இல்லாத அரிப்பு: கேள்வி பதில்

கேள்வி: ஆறு மாதமாக உடம்பெல்லாம் அரிப்பு. தோலில் ஒன்றுமே இல்லை. என்ன டெஸ்ட் எடுப்பது?

பதில்: ஆறு வாரம் தாண்டினாலே நாள்பட்ட அரிப்புதான். முதலில் யாரையாவது முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள். கை எட்டும் இடமெல்லாம் நகக்கீறல், எட்டாத நடுமுதுகு மட்டும் சுத்தமாக இருந்தால், அந்தக் கீறல்கள் சொறிந்ததால் வந்தவை, தோல் நோயால் அல்ல. காரணத்தை உள்ளே தேட வேண்டும். முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (இரும்புச் சத்து இருப்பு), கிரியேட்டினின் (சிறுநீரகம்), கல்லீரல், தைராய்டு, சர்க்கரை, மார்பு எக்ஸ்ரே எடுங்கள். இரவு வியர்வை, எடைக் குறைவு, கழுத்தில் கட்டி இருந்தால் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயையும் பார்க்க வேண்டும். கல்லீரல் ரிப்போர்ட்டில் காமாலையைக் காட்டும் பிலிருபினை மட்டும் பார்த்து 'நார்மல்' என்று மூடி வைக்காதீர்கள். அல்கலைன் பாஸ்பட்டேஸ், ஜிஜிடி என்ற இரண்டு நொதிகளும் சேர்ந்து ஏறியிருந்தால் பித்தநீர் தேங்குகிறது என்று சந்தேகிக்கலாம். காமாலை தெரிவதற்கு வெகு முன்பே, உள்ளங்கை உள்ளங்காலில், இரவில் அரிப்பு தொடங்கிவிடும். நடுவயதுப் பெண் என்றால் பித்தக்குழாயை உடலே தாக்கும் நோயைக் காட்டும் ஏஎம்ஏ ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள்.

கேள்வி: செட்ரிசின் போட்டும் அடங்கவில்லை.

பதில்: அடங்காது. கல்லீரல், சிறுநீரக அரிப்பில் செட்ரிசின் தடுக்கும் ஹிஸ்டமினுக்குப் பெரிய பங்கில்லை. தூக்கம் வரும், அவ்வளவுதான்.

கேள்வி: குளித்து முடித்ததும் ஊசி குத்துவதுபோல் அரிக்கிறது.

பதில்: ஹீமோகுளோபின் ஆணுக்கு 16.5, பெண்ணுக்கு 16 கிராம்/டெசிலிட்டர் தாண்டினால் ஜாக்2 மரபணுப் பரிசோதனை. சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும் பாலிசைதீமியா வேராவாக இருக்கலாம். 'நல்ல ரத்தம் ஊறியிருக்கு' என்று சந்தோஷப்பட வேண்டாம்.

கேள்வி: கர்ப்பம் எட்டாம் மாதம். உள்ளங்கால் அரிப்பு.

பதில்: இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா. பித்த அமிலமும் கல்லீரலும் பார்க்கச் சொல்லுங்கள். பித்த அமிலம் லிட்டருக்கு 100 மைக்ரோமோலை எட்டினால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்து கூடும்.

கேள்வி: ரத்தம் கெட்டால்தான் அரிப்பு. சீந்தில் கஷாயம் குடித்தால் போதுமே?

பதில்: சீந்தில் குடித்து கல்லீரல் அழற்சி வந்தவர்களை இந்திய மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். கல்லீரலால் வரும் அரிப்புக்கு அதையா குடிப்பது?

மறுகேள்வி: இங்கிலீஷ் மருந்தில் பக்கவிளைவே இல்லையா? நாட்டு மருந்து என்றால் மட்டும் ஏன் இளக்காரம்?

பதில்: இருக்கிறது. பித்த அரிப்புக்குத் தரும் ரிஃபாம்பிசினும் கல்லீரலைக் கெடுக்கும். அதனால்தான் இடையிடையே ரத்தம் எடுத்துப் பார்க்கிறோம். கஷாயம் தொடங்கும் முன் ரத்தப் பரிசோதனையில் எந்த எண்ணைப் பார்த்தீர்கள்?

கேள்வி: அப்பா டயாலிசிஸில் இருக்கிறார். அரிப்பால் தூங்குவதில்லை.

பதில்: டயாலிசிஸ் முடிந்ததும் நரம்பு மருந்தான காபாபென்டின் 100 மி.கி. தருவது வழக்கம், டாக்டரிடம் கேளுங்கள். மற்றவர்களைப்போல் தினம் மூன்று வேளை கொடுத்தால் மருந்து உடலில் தேங்கி, தள்ளாட்டமும் குழப்பமும் வரும்.

கேள்வி: செட்ரிசினுக்குப் பதில் லெவோசெட்ரிசின் போடலாமா?

பதில்: மேலே செட்ரிசினுக்குச் சொன்னதுதான் இதற்கும்.

கேள்வி: வீட்டில் நாலு பேருக்கும் விரலிடுக்கில் அரிப்பு. லிவர் டெஸ்ட் எடுக்கணுமா?

பதில்: வேண்டாம், சிரங்காகத்தான் இருக்கும். டாக்டரிடம் காட்டி உறுதி செய்துகொண்டு பெர்மெத்ரின் 5% க்ரீமை கழுத்துக்குக் கீழே முழுக்கத் தடவி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளியுங்கள். நாலு பேரும் ஒரே இரவில். ஒரு வாரம் கழித்து மறுபடி. மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த ட்யூப் மட்டும் கூடாது.