கணைய நீர்க்கட்டியில் எடுத்த நீரில் சிஇஏ 600 என்றால் புற்றுநோயா?

அப்பாவுக்குக் கணையத்தில் 3 செ.மீ. நீர்க்கட்டி, ஊசியால் நீர் எடுத்துப் பார்த்ததில் சிஇஏ (சில புற்றுநோய்களில் ரத்தத்தில் கூடும் ஒரு புரதம்) 600 என்று வந்திருக்கிறது, புற்றுநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எண்ணை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

மூன்று வருடம் முன்பு என் அம்மாவுக்கும் இதே நிலைமை. பித்தப்பைக் கல்லுக்காக எடுத்த ஸ்கேனில் கணையத்தின் வால் பகுதியில் கட்டி தெரிந்தது. எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் குழாயை வாய் வழியாக விட்டு, இரைப்பைச் சுவரைத் தாண்டி மெல்லிய ஊசியால் நீர் எடுத்தார்கள். ரிப்போர்ட் சனிக்கிழமை மாலை கைக்கு வந்தது. சிஇஏ 840. ரத்தத்தில் அது 5-க்குள் இருக்க வேண்டும் என்று படித்திருந்தேன். திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கும்வரை நானும் தம்பியும் அம்மாவிடம் முகம் கொடுத்தே பேசவில்லை.

ரத்தத்துக்கான அளவுகோல் கட்டி நீருக்குப் பொருந்தாது என்றார் டாக்டர். கட்டி சளி சுரக்கும் வகையா, இல்லையா என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்தச் சோதனை. 192-க்கு மேல் போனால் சளிக்கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். 2004-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் வந்த எண் அது. அந்த ஆய்விலேயே அது 79 சதவீதம்தான் சரியாகக் கணித்தது. சளிக்கட்டி பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய வகைதான், மறுக்கவில்லை. ஆனால் இப்போதே மாறிவிட்டதா என்பது சிஇஏ ஏறுவதை வைத்துத் தெரியாது.

அதனால் ரிப்போர்ட்டில் மற்ற வரிகளையும் பாருங்கள். அமைலேஸ் (கணையம் சுரக்கும் ஒரு செரிமான நொதி) 250-க்குக் கீழே என்றால், கணைய அழற்சிக்குப் பிறகு வரும் பொய்க்கட்டி இல்லை என்று ஏறக்குறைய முடிவு செய்யலாம். செல் பரிசோதனையில் 'புற்றுநோய் செல் இல்லை' என்று வந்தால் நிம்மதிதான், ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். கட்டி நீரில் செல்கள் மிகக் குறைவாகவே இருக்கும், தப்பிப்போக வாய்ப்புண்டு.

குளுக்கோஸ் பார்த்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். 50-க்குக் கீழே இருந்தால் சளிக்கட்டி என்பதற்கு அது வலுவான அடையாளம். செலவு மிகக் குறைவு, கொஞ்சம் நீர் இருந்தாலே போதும். அம்மாவுக்கு 14 இருந்தது. சிஇஏவும் குளுக்கோஸும் ஒரே பக்கம் கை காட்டியதால் வகையில் சந்தேகம் இல்லாமல் போனது.

அப்புறம், ஆபரேஷனா, காத்திருந்து கவனிப்பதா என்பதற்கு ஸ்கேன்தான் முக்கியம். கட்டிக்குள் திடமான முடிச்சு உண்டா, கணையக் குழாய் விரிந்திருக்கிறதா, மஞ்சள் காமாலை உண்டா என்று பார்ப்பார்கள். அம்மாவுக்குச் சுவரில் சின்ன முடிச்சு இருந்ததால் வால் பகுதியையும் மண்ணீரலையும் எடுத்தார்கள். எடுத்த கட்டியைப் பரிசோதித்ததில் புற்றுநோய் இல்லை. சிஇஏ 840 இருந்தும்.