தோட்டத்து அறையும் நகைக்கடனும்

கேள்வி:

வணக்கம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 63. அம்பாசமுத்திரம் பக்கம் சொந்த வீடு. என் வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்தவர், வயது 68. எனக்கு மாதம் 38,000 ரூபாய் ஓய்வூதியம், அவருக்கு 3,200. வீட்டுச் செலவு மாதம் 32,000 வரை ஆகிறது. 2023 ஜூனில் தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 20 லட்சம் போட்டேன். வங்கியில் 6 லட்சம் டெபாசிட் இருக்கிறது.

இந்த வருடம் புறவாசலில், வேப்பமரத்தை ஒட்டி, 14க்கு 18 அடியில் ஓட்டுக்கூரை போட்டு ஓர் அறை கட்டினோம். மூன்று பக்கமும் ஜன்னல், முன்னால் சின்னத் திண்ணை, ஓரமாகக் கழிப்பறை. மொத்தச் செலவு 7,40,000. அதில் 4,40,000, தபால் ஆபீஸ் வட்டியைச் சேர்த்துச் சேர்த்துப் போட்டு வந்த பணம். மீதி 3 லட்சத்துக்கு மார்ச் கடைசியில் நகையை வங்கியில் வைத்தேன். 9 சதவீத வட்டி, ஒரு வருடக் கெடு.

இப்போது காலைக் காபியிலிருந்து ராத்திரிச் சாப்பாடு வரை எங்களுக்கு அங்கேதான். அவருக்கு முட்டுவலி, மாடி ஏற முடியாது. ஜன்னலோரம் கட்டில் போட்டுப் பேப்பர் படிக்கிறார். நான் பூக்கட்டுகிறேன். சாயங்காலம் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் கணக்குக் கேட்க வருகிறார்கள்.

பெங்களூரில் இருக்கும் மகன், "பணத்தை மண்ணுல போட்டுட்டீங்க. மியூச்சுவல் ஃபண்டுல போட்டிருந்தா ஏழு வருஷத்துல ரெட்டிப்பாயிருக்கும்" என்கிறான். பக்கத்து வீட்டு மைனி, பாபநாசம், மணிமுத்தாறு பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடச் சொல்கிறார். நிரந்தரமாக ஓர் ஆளுக்கு விட்டால் மாதம் 3,500 கிடைக்குமாம். தபால் ஆபீஸ் பணத்தை எடுத்து நகையை மீட்டுவிடலாமா? அறையை வாடகைக்கு விடலாமா? ஏசி வைக்கலாமா? அங்கே போய் உட்காரும்போதெல்லாம், தப்புப் பண்ணிவிட்டோமோ என்று உறுத்துகிறது.

பதில்:

வணக்கம் டீச்சர். நீங்கள் தப்புப் பண்ணவில்லை. கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

மகன் சொல்லும் கூட்டல் பெருக்கல் சரிதான். வருடம் 10 சதவீதம் வளர்ந்தால் 7,40,000 ரூபாய் ஏழு வருடத்தில் 14 லட்சத்தைத் தாண்டும். பங்குச்சந்தை அப்படி வளர்ந்தே தீரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கப்போவதில்லை, அது தனி விஷயம். ஆனால் அப்போது உங்களுக்கு 70, உங்கள் வீட்டுக்காரருக்கு 75. அந்த 14 லட்சத்தை வைத்து அன்றைக்கு என்ன செய்வீர்கள்? மாடி ஏற முடியாதவருக்குக் கீழேயே காற்றோட்டமாக ஓர் இடம் வேண்டும் என்று நினைப்பீர்கள். அதை இன்றைக்கே செய்துகொண்டீர்கள். முப்பது வயதுக்காரர் இதே செலவைச் செய்துவிட்டு எழுதியிருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும்.

இன்னொன்றை உங்கள் கடிதத்திலேயே கவனித்தேன். அறைச் செலவில் பாதிக்கு மேல் வட்டிப் பணம். 20 லட்சம் அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. அவசரத்துக்கு 6 லட்சம் தனியாக நிற்கிறது. இரண்டு ஓய்வூதியமும் சேர்ந்து மாதம் 41,200 வர, செலவு 32,000 போக 9,200 மிஞ்சுகிறது. ஓய்வுபெற்றவர்களின் செலவு சக்திக்கு உட்பட்டதா என்று பார்க்கும்போது இந்த மூன்றைத்தான் நான் பார்ப்பது வழக்கம்: அசல் கரைந்ததா, கையில் அவசரப் பணம் இருக்கிறதா, மாத வரவுக்குள் மாதச் செலவு அடங்குகிறதா. உங்களுக்கு மூன்றும் சரியாக இருக்கிறது.

அப்படியானால் உறுத்துவது எது? அந்த 3 லட்சம்தான். அதை அடைத்துவிட்டால் இந்த உறுத்தலில் பெரும்பகுதி போய்விடும் என்று நம்புகிறேன்.

தபால் ஆபீஸ் பணத்தை மட்டும் தொடாதீர்கள். அந்தத் திட்டத்தில் ஒரு கணக்கிலிருந்து 3 லட்சம் மட்டும் எடுக்க வழியில்லை. எடுத்தால் மொத்தக் கணக்கையும் முடித்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டு வருடம் தாண்டிவிட்டதால் போட்ட தொகையில் 1 சதவீதம் பிடிப்பார்கள். உங்களுக்கு அது 20,000 ரூபாய். நீங்கள் போட்டபோது இருந்த 8.2 சதவீத வட்டி 2028 ஜூன் வரை மாறாது; மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000 வந்துகொண்டே இருக்கும். இதைக் கலைக்க ஒரு காரணமும் இல்லை.

கை வைக்க வேண்டியது வங்கி டெபாசிட்டில். டெபாசிட் தரும் வட்டி நகைக்கடன் வட்டியைவிடக் குறைவு. ஒரே ஆள் ஒரு பக்கம் குறைந்த வட்டிக்குக் கொடுத்து இன்னொரு பக்கம் கூடுதல் வட்டிக்கு வாங்கிக்கொண்டிருக்க வேண்டாம். 6 லட்சத்தில் 1,50,000 எடுத்து இந்த மாதமே நகைக்கடனில் கட்டுங்கள். முன்கூட்டி முறிப்பதற்கு வட்டியில் கொஞ்சம் பிடிப்பார்கள், பரவாயில்லை. ஒரே ரசீதாக இருந்தால் அதில் பகுதி மட்டும் எடுக்க முடியுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பாக்கி 4,50,000 அப்படியே இருக்கட்டும். ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டில் நீங்கள் இருவரும் இருப்பீர்கள். இருந்தாலும் ராத்திரி நேரத்தில் அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால் முதலில் கையில் காசு வேண்டும். அதனால் அந்த டெபாசிட்டை முழுதாகக் காலி பண்ணச் சொல்ல மாட்டேன்.

கடனில் மீதி 1,50,000. ஜூலை, அக்டோபர், ஜனவரி என்று மூன்று முறை தபால் ஆபீஸ் வட்டி வரும், 1,23,000. மாத மிச்சத்தில் 9,000 வீதம் ஒன்பது மாதத்துக்கு 81,000. மொத்தம் 2,04,000. மார்ச்சிலிருந்து ஓடிய வட்டி, இனி ஓடப்போகும் வட்டி எல்லாம் சேர்த்தாலும் நீங்கள் கட்ட வேண்டியது 1,65,000-ஐத் தாண்டாது. கெடுவுக்குள் நகை வீட்டுக்கு வந்துவிடும், கையில் 40,000 போல மிஞ்சும். நகைக்கடனில் இடையிடையே கட்டலாமா என்று கிளையில் கேளுங்கள். பெரும்பாலான வங்கிகளில் கட்டலாம், கட்டக் கட்ட வட்டி குறையும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வருடம் முடியும்போது வட்டியை மட்டும் கட்டி நகையை மறுபடி வைக்கும் பழக்கம் நம் பக்கத்தில் நிறைய வீடுகளில் இருக்கிறது. 3 லட்சத்துக்கு வருடம் 27,000 வட்டி. அஞ்சு வருடம் இப்படியே ஓட்டினால் 1,35,000 போயிருக்கும், நகை இன்னமும் வங்கியில்தான் இருக்கும். படித்தவர்கள், கணக்குத் தெரிந்தவர்கள்கூட இதில் மாட்டி வருடக்கணக்கில் கிடப்பதைப் பார்க்கும்போது மனது கஷ்டப்படுகிறது. நீங்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

தபால் ஆபீஸ் வட்டியில் ஒரு சின்ன வேலை. மூத்த குடிமக்களுக்கு வருட வட்டி 1 லட்சத்தைத் தாண்டினால் வட்டியில் 10 சதவீதத்தை முன்கூட்டியே வருமான வரியாக (டிடிஎஸ்) பிடிப்பார்கள். உங்கள் வட்டி வருடம் 1,64,000. ஆனால் ஓய்வூதியம், வட்டி எல்லாம் சேர்த்தாலும் உங்கள் வருமானம் 7 லட்சத்துக்குள்தான். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை. வரி பிடிக்க வேண்டாம் என்று ஒவ்வொரு நிதியாண்டுத் தொடக்கத்திலும் உறுதிமொழிப் படிவம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் 41,000-க்குப் பதில் 36,900தான் கணக்கில் விழும். பிடித்ததைத் திரும்ப வாங்கக் கணக்குத் தாக்கல் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

வாடகைக்கு வருவோம். மாதம் 3,500 என்றால் வருடம் 42,000. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்கு நீங்கள் விற்பது காலைக் காபியையும் மதியத் தூக்கத்தையும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் இடத்தையும். நம் ஊர்த் தெருவீடுகள் பலதும் ஒடுக்கமாக நீளமாகப் போகும் வீடுகள். நடை, தார்சா, பட்டாசல், அடுப்படி எல்லாம் தாண்டித்தான் புறவாசலுக்கு வர முடியும். உங்கள் வீடும் அப்படி இருந்தால், ராத்திரி பத்து மணிக்கு வேலை முடிந்து வருகிற ஆள் உங்கள் அடுப்படி வழியாகத்தான் தன் அறைக்குப் போவார். பக்கத்தில் தனி சந்து இருந்தாலும் தண்ணீர், மோட்டார், கரண்ட் எல்லாம் பங்குதான்.

சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவது இன்னும் சிக்கல். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு வரும் கூட்டத்தையும் சாரல் காலத்தில் அருவிக்கு வரும் கூட்டத்தையும் பார்த்துத்தான் மைனி சொல்லியிருப்பார். அந்தக் கூட்டம் வருடம் முழுக்க இருக்காது. விருந்தினர் மாறும்போதெல்லாம் போர்வை துவைத்து, கழிப்பறை கழுவி, அடையாள அட்டை நகல் வாங்கி வைக்க வேண்டும். தொழிலாகச் செய்தால் மின் இணைப்பும் சொத்து வரியும் வேறு கட்டணத்துக்குப் போகலாம். பணத்துக்கு முடை இருந்தால் இதையெல்லாம் யோசிக்கச் சொல்வேன். உங்களுக்கு முடை இல்லை. மகனுக்குப் பதில் சொல்வதற்காக அறையை வாடகைக்கு விடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை: பராமரிப்பு. ஓட்டுக்கூரை வெயிலுக்குச் சுகம், ஆனால் வருடா வருடம் கவனிப்பு கேட்கும். மலையடிவாரத்து ஊர்களில் குரங்கு ஏறி ஓட்டை நகர்த்திவிடும். வேப்பமரத்து இலையும் பழமும் ஓட்டு மடிப்பில் தங்கி மக்கினால் தண்ணீர் வடியாமல் உள்ளே ஒழுகும். ஒழுகின இடத்தில் மரச்சட்டம் ஈரம் குடிக்கும், ஈரம் குடித்த சட்டத்துக்குக் கரையான் வரும். ஐப்பசி மழை பிடிக்கும் முன்னால், புரட்டாசியிலேயே ஆள் ஏற்றி இலையைத் தள்ளி, உடைந்த ஓட்டை மாற்றிவிடுங்கள். கட்டின செலவில் 2 சதவீதம், வருடம் 15,000 ரூபாய் இதற்கென்று தனியாக இருக்க வேண்டும். கடன் அடைந்தபின் மிஞ்சும் 40,000 இதற்கு நல்ல தொடக்கம். இருபது ஓடு மாற்றுகிற செலவைத் தள்ளிப்போட்டு, கடைசியில் கூரையையே பிரித்து மேய வேண்டி வருகிறது பலருக்கு.

அப்புறம் வீட்டுக் காப்பீடு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுவான வீட்டுக் காப்பீட்டுத் திட்டத்தைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 2021 ஏப்ரலிலிருந்து விற்கின்றன. வெள்ளம், புயல், தீ, இடி எல்லாம் அதில் அடங்கும். கட்டடக் காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுச் சாமான்களுக்கும் சேர்ந்தே வரும். ஏற்கெனவே பாலிசி இருந்தால் புது அறையின் பரப்பையும் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இந்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் எடுத்துவிடுங்கள். புது அறையைச் சொத்து வரிக் கணக்கில் சேர்ப்பதையும் முடித்துவிடுங்கள்.

செங்கல், ஓடு, சிமெண்ட் பில்கள், கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் கொடுத்த கூலிக்குக் கையெழுத்து வாங்கின சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். நாளைக்குப் பிள்ளைகள் வீட்டை விற்றால் இந்த 7,40,000 மேம்பாட்டுச் செலவாக லாபத்திலிருந்து கழியும், மூலதன ஆதாய வரி அந்த அளவுக்குக் குறையும். அறைக்கென்று வாங்குபவர் தனியாக விலை கூட்டித் தருவார் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். நம் பக்கத்தில் மனைக்குத்தான் விலை.

வீடு யார் பெயரில் என்று எழுதவில்லை. யார் பெயரில் இருந்தாலும் இருவரும் உயில் எழுதி வையுங்கள். உங்கள் நகையும் உங்கள் வட்டிப் பணமும் அந்தச் சுவருக்குள் போயிருக்கிறது.

ஏசி இந்த வருடம் வேண்டாம். மூன்று பக்கம் ஜன்னலும் மேலே வேப்பமர நிழலும் இருக்கிற அறைக்கு, பொதிகைக் காற்று வீசுகிற ஆனி, ஆடியில் ஃபேன்கூடத் தேவைப்படாது. பங்குனி, சித்திரை மதியம்தான் கஷ்டம். ஒரு கோடையை ஏசி இல்லாமல் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வைப்பதானால் இரண்டு மாத மின்கட்டணத்தில் 500 யூனிட்டைக் கவனிக்க வேண்டும். அதைத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டுமில்லாமல் கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுக்கும் கட்டணம் கூடிவிடும். இப்போது 350 யூனிட் ஓடுகிற வீடு என்று வைத்துக்கொண்டால், தினம் நாலு மணி நேரம் ஏசி போட்டாலே 200 யூனிட்டுக்கு மேல் கூடி எல்லையைத் தாண்டிவிடும்.

நகை வந்தபின் மாத மிச்சத்தில் 2,000 ரூபாயை அந்த அறைக்கென்று ஒதுக்குங்கள். பத்தமடைப் பாய், காருகுறிச்சி மண்பானை, பிள்ளைகளுக்கு ஒரு கரும்பலகை, சாயங்காலம் அவர்களுக்குக் கொடுக்க ஏதாவது பலகாரம், எதற்கு வேண்டுமானாலும் செலவழியுங்கள். இதற்கு யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டாம். மகனை ஆடி அமாவாசைக்கு வரச் சொல்லுங்கள். மேலே உள்ள கணக்கை அவரிடமே காட்டுங்கள். நகைக்கடன் தவணையை நினைவூட்டும் பொறுப்பையும் அவரிடமே கொடுங்கள். உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் அவர் கேட்டிருக்கிறார்.

டெபாசிட்டை முறிக்கப் போகும்போது அசல் ரசீது, ஆதார், பான் அட்டை, நகைக்கடன் அட்டை நாலையும் கொண்டு போங்கள். கட்டினதும் மீதி அசல் எவ்வளவு என்று அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.